வியாழக்கிழமை பண்ணாத போன்

அக்டோபர் 17, செவ்வாய்

2–2. கையில் இருந்த ஆட்டம். கடைசி நான்கு நிமிடத்தில் கோட்டை விட்டோம். பேருந்தில் திரும்பினோம். வழி முழுக்க அறுத்துப்போட்ட சோளக்காடு. நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 19

விளையாட்டுத் துறைத் தலைவர் வெர்ன் கூப்பிட்டார். மேசையில் எனக்கென்று காபி ஊற்றி வைத்திருந்தார்.

"உன்மேல ஒரு குறையும் இல்ல லோரெய்ன். ஆனா மூணு வருஷமா நம்ம பொண்ணுங்க லீக்ல முதல் நாலு இடத்துக்குள்ள வரலயே. இந்த வருஷமும் வரலன்னா, ஒப்பந்தத்த நீட்டிக்க நான் என்னத்தச் சொல்லிக் கேக்கறது?"

குறை இல்லையாம்! பதினான்கு வருடமாக இந்தக் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் நான். ஐம்பத்தோரு வயதில் வேறு எங்கே போய் நிற்பேன்?

அக்டோபர் 21

1–0. ஜெயித்தோம். இனி ஒரே ஆட்டம், 28ஆம் தேதி, எங்கள் மைதானத்தில். சமன் செய்தாலே நான்காம் இடம்.

ஆனால் அன்றைக்குத்தான் நான்காம் ஆண்டுப் பெண்களுக்கு விடை கொடுக்கும் நாளும்.

அக்டோபர் 24

எங்கள் லீக்கில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கடைசி உள்ளூர் ஆட்டத்தில் நான்காம் ஆண்டுப் பெண்கள் அத்தனை பேரும் தொடக்கத்தில் இறங்குவார்கள், நாலு வருடமாகப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவள் உட்பட. அந்த வாரம் வியாழக்கிழமைக்குள் எதிரணிக் கோச்சுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் முதல் பந்தை வெளியே உதைப்பார்கள். ஆட்டம் நிற்கும். பெஞ்சுக்காரி கைதட்டலோடு வெளியே வருவாள், வழக்கமாக ஆடுகிறவள் உள்ளே போவாள். அவ்வளவுதான்.

இந்த வருடம் பெஞ்சுக்காரி ட்ரூடி. இரண்டாவது கோல்கீப்பர். நாலு வருடத்தில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. ஒரு பயிற்சியையும் தவறவிட்டதில்லை. அவளை அணியில் சேர்க்கப் போனபோது அவர்கள் வீட்டுச் சமையலறையில் வைத்து நானே சொன்னேன்: "கடைசி வருஷம் உன்னக் கண்டிப்பா இறக்குவேன்."

அக்டோபர் 26, வியாழன்

போன் பண்ணவில்லை. எதிரணிக் கோச் நாடீன். நான்காம் இடத்துக்கு அவள் அணி ஜெயித்தே ஆக வேண்டும். முதல் பந்தை அவள் வெளியே உதைக்கச் சொல்வாளா? நான் அவள் இடத்தில் இருந்தால் சொல்வேனா? வழக்கமான கோல்கீப்பர் ஆஷ்லின்தான் கோலில் நிற்பாள். முடிவு.

அக்டோபர் 27

உதவிக் கோச் பெக் கேட்டாள்: "ட்ரூடிகிட்ட சொல்லிட்டியா?"

"நாளைக்குச் சொல்றேன்."

"பயந்தாங்கொள்ளி," என்றாள். ஆமாம். வேலை போய்விடும் என்று பயம்தான்.

அக்டோபர் 28, சனி

எப்படி எழுதுவேன்?

ட்ரூடியின் அப்பாவும் அம்மாவும் மொன்டானாவிலிருந்து பதினோரு மணி நேரம் காரோட்டி வந்திருந்தார்கள். அணிக்கென்று இரண்டு தட்டு நிறையப் பூசணி கேக். பூங்கொத்து கொடுக்கும்போது அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொன்ன வார்த்தையக் காப்பாத்திட்டீங்க." அதற்குமேல் என்னால் முடியவில்லை. பட்டியலில் ஆஷ்லின் பெயரை அடித்து ட்ரூடி என்று எழுதிக் கொடுத்தேன். பெக் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். நெஞ்சு நிறைந்திருந்தது எனக்கு. அந்த நிறைவில் நாடீனிடம் சொல்ல வேண்டும் என்பதே மறந்துபோனது.

நாடீன் முப்பது அடி தள்ளித்தான் நின்றாள். நடந்து போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாயா இல்லை?

விசில். நான் போன் பண்ணியிருப்பேன் என்று நம்பி, என் பிள்ளைகள் பதினோரு பேரும் பந்து வெளியே போகும் என்று நின்றுகொண்டிருந்தார்கள். ட்ரூடி கையுறையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள். நாடீனின் பெண்கள் பந்தோடு ஓடி வந்தார்கள். பதினாறு நொடி. கோல்.

ஆஷ்லின் கோட்டருகே தயாராக நின்றாள். ட்ரூடி ஒரு கையுறையோடு என்னைப் பார்த்தாள். இப்போது வெளியே எடுத்தால் அந்த நாலு வருடத்துக்கும் அவளுக்கு மிஞ்சுவது அந்த ஒரு கோல்தான். என் தப்பு, அவள் கணக்கில்.

"கோச், நான் போகவா?" என்றாள் ஆஷ்லின்.

"உக்காரு."

தொண்ணூறு நிமிடமும் ட்ரூடியே நின்றாள். ஏழு பந்தைப் பிடித்தாள். அதற்கப்புறம் ஒன்றையும் உள்ளே விடவில்லை. எங்களால்தான் ஒரு கோல் போட முடியவில்லை. 0–1.

கைகுலுக்கும்போது நாடீன் அழுதேவிட்டாள். "ஏண்டி போன் பண்ணல? பண்ணியிருந்தா, பந்த வெளிய உதைக்கச் சொல்லியிருப்பேனே!"

சொல்லியிருப்பாள். அவளைப் போய்ச் சந்தேகப்பட்டேனே, பாவி.

ட்ரூடியிடம் உண்மையைச் சொன்னேன். முதலில் இறக்குவதாகவே இல்லை என்பதையும். கையுறை இரண்டையும் மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "ஆனா வெளிய எடுக்கலயே கோச்," என்றாள்.

நவம்பர் 3

வெர்ன். இந்த முறை காபி இல்லை.

நவம்பர் 20

கல்லூரி அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

ஆகஸ்ட் 21

ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண்கள் அணி. பதினெட்டுப் பேர், நாலு பேருக்கு இன்னும் எந்தக் கோல் நம்முடையது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசி உள்ளூர் ஆட்டம் அக்டோபர் 11. பெஞ்சில் ஒருத்தி இருப்பாள், எப்போதும் இருப்பாள். எதிரணிக் கோச்சுக்கு இன்றைக்கே போன் பண்ணிவிட்டேன்.

"அம்மாடி, அதுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கே!" என்று சிரித்தாள்.

"தெரியும்," என்றேன். "எழுதி வச்சுக்கோங்க."