கத்தரி வரிசைக்கு நடுவே

சிறைச்சாலை
12.2.2024

அக்கா நவமணிக்கு,

நலம் என்று எழுதினால் பொய். உன் நலம் அறிய மட்டும் ஆவல். இரண்டு வருஷம் ஆகப்போகிறது, நீ வந்து பார்க்கவில்லை, ஒரு வரி எழுதவும் இல்லை. புருஷன் பக்கம் நின்றுவிட்டாய். சரி. எனக்கு ஒரு பதில் வேண்டும். உன் புருஷன் அந்த அழகேசன் என் பயிரை ஏன் கருக்கினான்?

அப்பா நமக்கு விட்டுப்போனது அரை ஏக்கர். கத்தரி மட்டும் போட்டால் வரிசைக்கு நடுவே பாதி மண் சும்மா கிடக்கிறது என்றுதான் புதினாவும் வல்லாரையும் ஊன்றினேன். புதினா வாசத்துக்குக் கத்தரியில் பூச்சியும் குறைந்தது. கோலசிலாங்கூர் டவுன் சாப்பாட்டுக் கடைக்காரர் வாரம் முப்பது கட்டு கேட்டார். உன் புருஷன் கோயில் விருந்தில் எல்லார் முன்னாலும் என்ன சொன்னான்? "மச்சான் கத்தரிக்கு நடுவுல புல்லு வளக்கிறான் லா. என் பம்ப கொண்டுவந்தா ஒரே நாள்ல கிளீன்." எஸ்டேட்டில் இருபது வருஷம் முதுகில் பம்பைக் கட்டிப் புல்லைக் கொல்லும் மருந்து அடித்தவன் கண்ணுக்குப் பச்சையெல்லாம் களைதான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பம்பை உன் வீட்டிலிருந்து எடுத்துவந்து, மிச்சப் பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடித்தேன். புதன் காலை போய்ப் பார்த்தால் அத்தனையும் கருகிக் கிடக்கிறது. நான் பாராங் கத்தியோடு நிற்கும்போது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். "மச்சான், அந்தப் பம்பு..." என்று ஆரம்பித்தான். செத்த பயிருக்கு நடுவில் நின்று பம்பைத் திருப்பிக் கேட்கிறான்! நான் முடிக்க விடவில்லை. கழுத்தைப் பார்த்துத்தான் வீசினேன். குறுக்கே நீட்டிய வலது கை மணிக்கட்டோடு போனது. இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தமில்லை.

ஜூனில் வெளியே வருவேன். அவனுக்கு இன்னொரு கை இருக்கிறது. சொல்லி வை.

உன் தம்பி
புனிதன்


புக்கிட் ரோத்தான்
3.3.2024

புனிதனுக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போடத்தான் கொண்டுபோனேன். 'இன்னொரு கை' என்ற வரியில் கண் பட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

இவர் உன் பயிரைத் தொடவே இல்லை. ஞாயிறு முதல் சபாக் பெர்ணம் பக்கம் எஸ்டேட் கான்ட்ராக்ட் வேலை, தங்கலும் அங்கேதான். புதன் காலை வந்தவர் கொட்டகையில் பம்பைக் காணோம் என்றார். தம்பி வேப்பெண்ணெய் அடிக்க எடுத்துப் போனான் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஐயோ, அதுல புல்லு மருந்து மிச்சம் கெடக்கு புள்ள. அவன் கழுவுனானா?" என்று காப்பியைக்கூடத் தொடாமல் மோட்டாரை எடுத்தார்.

அதைச் சொல்லத்தான் வந்தார். நீ வெட்டினாய். உன் பயிருக்கு மருந்தடித்ததும் நீ, அவரை வெட்டியதும் நீ.

எல்லாவற்றையும் நீ ஒப்புக்கொண்டதால் விசாரணையே நடக்கவில்லை. இவர் என் வாயை அடைத்தார். "அவன்கிட்ட சொல்லாத. தெரிஞ்சா உள்ளேயே செத்துருவான்" என்றார். இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது தெரிந்துகொள். மிச்சக் கையையும் வெட்ட வருவாயா? வா. வாசலில் நான்தான் நிற்பேன். என் கையிலும் பாராங் இருக்கும்.

நவமணி


சிறைச்சாலை
20.3.2024

அக்கா,

பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை. நான் கழுவவில்லை. மூடியைத் திறந்தபோதே ஒரு நெடி வந்தது. எஸ்டேட் பம்பு அப்படித்தான் நாறும் என்று எண்ணெயைக் கலக்கி ஊற்றினேன். அந்த நெடி இப்போது என் போர்வையில் அடிக்கிறது. சுவரில் குத்தி விரல் எலும்பு உடைந்துவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மாமா காலில் விழ வேண்டும். வெளியே வந்ததும் வீட்டுக்கு வரட்டுமா? சாகும்வரை அந்த அரை ஏக்கரில் அவருக்கு வலது கையாக இருந்து உழைக்கிறேன். 'வா' என்று ஒரு வார்த்தை எழுது அக்கா.

உன் தம்பி
புனிதன்


புக்கிட் ரோத்தான்
15.4.2024

தம்பி,

நேற்று வருஷப் பிறப்பு. சாப்பாடு முடிந்ததும் உன் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். அழுதார். "வரச் சொல்லு லா. ஆத்திரத்துல வெட்டிட்டான்" என்றார். அவர் மன்னித்துவிட்டார். அதை உனக்குச் சொல்லாமல் மறைத்தால் எனக்குத்தான் பாவம்.

இன்னொன்றும் கேள். நீ உள்ளே போன இருபதாம் நாள் புதினா வேரிலிருந்து துளிர்த்தது. பின்னாலேயே வல்லாரையும் வந்தது. மருந்து மேல் இலையைத்தான் கருக்கியிருக்கிறது. கத்தரியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று வைத்தோம். நீ சொன்னது சரிதான், அந்த மண் இரண்டையும் தாங்குகிறது. நான் அறுக்கிறேன், இவர் இடது கையாலும் பல்லாலும் கட்டுக் கட்டுகிறார். அதே கடைக்காரர்தான் எடுக்கிறார். இருபது நாள் நீ பொறுத்திருக்கலாம்.

அன்றைக்கு ஊரே ஆம்புலன்சுக்குக் கத்திக்கொண்டிருந்தபோது, பாத்தியில் அந்தக் கையைத் தேடியவள் நான். கருகிய புதினாவுக்குள் கிடந்தது, கல்யாண மோதிரத்தோடு. மீன்காரர் பெட்டியில் ஐஸ் போட்டு ஆஸ்பத்திரிவரை மடியில் வைத்துக் கொண்டுபோனேன். ஒட்டாது என்றார்கள். வெட்டு வாங்கியவர் மன்னிக்கலாம். தேடி எடுத்த என்னால் முடியவில்லை.

சுங்கை பெசாரில் சிவானந்தம் அண்ணன் நெல் வயலில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார். தங்க இடமும் உண்டு. அங்கே போ. விரலுக்குக் கட்டுப் போடு. வேளைக்குச் சாப்பிடு.

இங்கே வராதே.

உன் அக்கா
நவமணி