ஓம் போட்டவர்கள்

2025 ஜூன் 3, செவ்வாய்
வாகரைக்குப் போய் வந்தது முதுகை முறித்துவிட்டது. பல்கலைக்கழகமும் எங்கள் பெண்கள் சங்கமும் சேர்ந்து செய்கிற ஆய்வில் கடைசி ஏழு வீடுகள் இன்றோடு முடிந்தன. படிவத்தை நான் வாசிக்க, அவர்கள் பதில் சொல்ல, நான் 'ஓம்' அல்லது 'இல்லை' கட்டத்தில் புள்ளடி போட — மொத்தம் நாற்பத்தொரு பெண்கள். "மக்களோடு சேர்ந்து நடக்கிற ஆய்வு" என்பார் விரிவுரையாளர் திவாகரன் சேர். நடப்பது என் கால்கள் மட்டும்.

ஜூன் 11, புதன்
சேரின் மின்னஞ்சல். மட்டிச் சிப்பி எடுக்கும் கரையை சுற்றுலா விடுதிப் படகுகளுக்கு விட்டுக்கொடுக்க முப்பத்தாறு பேர் சம்மதமாம். இவ்வளவு பேரா? பதில் எழுதவில்லை. தலையிடி.

ஜூன் 12, வியாழன்
படிவத்துக்குப் பதில் சொன்னவர்களில் ஒருவரான மேனுகா அக்காவிடம் சொன்னேன். அந்தக் கரையில் மட்டி எடுத்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார். வெடித்துவிட்டார்.

"ஆரு புள்ள சம்மதிச்ச? நீ வாசிச்சாய், நாங்க ஓம், ஓம் எண்டு கேட்டுக்கிட்டிருந்தம். கேக்கிறம் எண்டுதானே அந்த ஓம்! கரையத் தாறம் எண்டா சொன்னம்?"

ஐயோ. அந்தக் கேள்வி ஒரு முழ நீளம். பாதியிலேயே ஓம் விழும். நானும் 'ஓம்' கட்டத்தில் புள்ளடி போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவேன். வெயில், பசி, கடைசி பஸ். வெளியூர்க்காரர் யாரும் செய்திருந்தால் சரி. நான் இந்த மண்ணில் பிறந்தவள். அம்மாவோடு போனில் கதைக்கும்போது நானே நூறு ஓம் போடுகிறேன், ஒன்றுக்கும் சம்மதிப்பதில்லை! இத்தனை நாள் சேரைத் திட்டித் திட்டி, கடைசில பிழை எண்ட கையிலதான் கிடக்கு. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்
சேருக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அறிக்கை மேலிடத்துக்குப் போயிட்டுது, கம்சாயினி. திருத்தி அனுப்பலாம். ஆனா பிழை எப்பிடி வந்ததெண்டு எழுதவேணும்."

"எண்ட பேரையே போடுங்க சேர்."

"ரெண்டு பேரையும் போடுவம். அந்தக் கேள்விய எழுதினது நான்தானே."

ஜூன் 20, வெள்ளி
திரும்பவும் நாற்பத்தொரு வீடு. இந்த முறை சேரும் வந்து நடக்கிறார். என் செருப்பு அறுந்தது. இன்னும் பன்னிரண்டு வீடுகள் பாக்கி.

ஜூலை 15, செவ்வாய்
சம்மதம் மூன்றே மூன்று பேர். திருத்திய அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். கரை இப்போதைக்குத் தப்பிவிட்டது.

பின்னேரம் மேனுகா அக்காவின் முற்றத்தில் எல்லோரையும் கூட்டி அறிக்கையை வாசித்துக் காட்டினேன். தேத்தண்ணீர் தந்தார்கள். யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. எப்போதும் பாயில் பக்கத்தில் இருத்துகிற அக்கா, இன்று எனக்கு நல்ல கதிரையாகப் பார்த்துப் போட்டார்.

அரைமணி நேரம் வாசித்தேன். ஒருத்தியும் ஓம் போடவில்லை.