வெல்டரின் உம்மாவுக்கு ஒரு தொழுகை

அன்புள்ள உம்மாவுக்கு ஸலாம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான்.

எங்கள் அறையில் இருக்கும் வெல்டரின் உம்மா ஊரில் மௌத்தாகிவிட்டார். இவ்வளவு தூரத்திலிருந்து அடக்கத்துக்கு அவரால் போக முடியவில்லை. அதனால் இங்கே பள்ளிவாசலில் தூரத்தில் இறந்தவருக்காகத் தொழும் காயிப் ஜனாஸா தொழுதோம். முன்னால் மய்யித்து கிடத்தப்படவில்லை; மற்ற தொழுகைகளைப்போலக் குனியும் ருகூவும் நெற்றி பதிக்கும் ஸுஜூதும் இல்லை. முகம் தெரியாத ஒருவருக்காகப் பள்ளி நிறைய ஆட்கள் நின்றது எனக்கு அதிசயமாக இருந்தது.

தொழுகைக்கு முன் இமாம், "உம்மா பேரென்ன?" என்றார்.

வெல்டர் இமாமிடம் சொன்னார்: "உம்மான்னே கூப்பிட்டுப் பழகிட்டேன். பேரு வாயில வரமாட்டேங்குது."

"பரவால்ல, அல்லாஹ்வுக்குத் தெரியும்" என்று இமாம் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார்.

தங்கச்சியிடம் சொல்லி உங்கள் போட்டோ ஒன்று அனுப்புங்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அன்று பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் உங்கள் பேரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், உம்மா. கோபிக்காதீர்கள்.

உங்கள் மகன்