பாவாவுக்குக் கடைந்த இரண்டு பிடிகள்

பாவா,

இன்று காலை தபால் ஆபீசில் எனக்கு முன்னால் நின்றவர் ஒரு பார்சலை ரிஜிஸ்டர் செய்துகொண்டிருந்தார். குமாஸ்தா மெழுகுவத்தியில் அரக்குக் குச்சியைக் காட்டி, சொட்டுச் சொட்டாகப் பார்சல் மேல் விட்டு, முத்திரையை அழுத்தினார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் முறை வந்ததுகூடத் தெரியாமல் நின்றுவிட்டேன். "பெரியவரே, இன்னா வேணும்?" என்று அவர் இரண்டு தரம் கேட்டாராம். கார்டு வாங்கப் போனவன் வாங்காமலே திரும்பிவிட்டேன். ஒரு விஷயத்தை உங்களுக்கு எழுதாமல் இன்றைக்குச் சாப்பாடு இறங்காது என்று தோன்றுகிறது.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், ஆடி மாதம். அப்போது நீங்கள் பட்டணத்தில் ஒரு துரையின் மோட்டார் படகை ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். பள்ளிப்பட்டு அரிசி மில்லில் ஆயில் இஞ்சின் பழகியவர், சண்டைக் காலத்தில் துறைமுகப் படகில் வேலைக்குப் போனீர்கள். சண்டை முடிந்ததும் அந்தத் துரை உங்களைத் தன்னோடு வைத்துக்கொண்டார். அவருக்கு ஆழ்கடலில் பெரிய மீன் பிடிக்கிற பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே கடலுக்குள் போய்விடுவார். அவர் தூண்டில் போடுவார், நீங்கள் இஞ்சினைப் பார்ப்பீர்கள். உங்களைக் கட்டிய என் அக்கா மட்டும் திருத்தணியில் எங்கள் வீட்டில் இருந்தாள். எட்டு மாதக் கர்ப்பம்.

ஒரு நாள் என் கடைசல் பட்டறைக்கு நேராக ஸ்டேஷனிலிருந்தே வந்தீர்கள். முகமெல்லாம் சிரிப்பு. துரையின் தூண்டில் கோலில் அடிப்பிடி உடைந்துவிட்டதாம். சீமையிலிருந்து கப்பலில் வர மாதக் கணக்காகுமாம். அதற்குள் அவரே ஊருக்குக் கிளம்பிவிடுவார்.

"என் மச்சான் கடைவான்னு சொல்லிட்டேன்," என்றீர்கள். "தொர இன்னா சொன்னாரு தெரியுமா? உங்க ஊர்ப் பிடி நல்லா வந்துச்சின்னா, அடுத்த பெரிய மீன் உன்னுதுன்னுட்டாரு!"

அத்தனை மீன்கள் இழுபடுவதை இஞ்சின் பக்கத்திலிருந்தே பார்த்தவர் நீங்கள். ஒரு தரம்கூடக் கோலைக் கையில் வாங்கியதில்லை. அன்று பட்டறைத் தரையில் கரிக்கட்டியால் படம் போட்டுக் காட்டினீர்கள். பிடியின் ஒரு முனை பித்தளைக் குழலுக்குள் போய்க் கோலோடு சேரும். ரீல் அதற்கு மேலே. மறுமுனைதான் விஷயம் என்றீர்கள்.

"குந்திகினு புடிக்கிறவனுக்கு ஒண்ணு, நின்னுகினு புடிக்கிறவனுக்கு ஒண்ணு. ரெண்டும் வேற வேற."

உட்கார்ந்து பிடிப்பவனுக்குப் படகின் தளத்திலேயே ஒரு நாற்காலி. அவன் முழங்கால்களுக்கு நடுவில் ஒரு பித்தளைக் கிண்ணி, அதன் அடியில் குறுக்குக் கம்பி. பிடி நீளமாக இருக்க வேண்டும். அதன் அடியில் வெட்டிய பள்ளம் அந்தக் கம்பியில் உட்கார்ந்துகொண்டால் மீன் எப்படிப் புரட்டினாலும் கோல் திரும்பாது. நின்று பிடிப்பவனுக்கு இடுப்பில் தோல் பெல்ட்டும் அதில் ஒரு கிண்ணியும். அவன் பிடி குட்டையாக, அடி உருண்டையாக இருக்க வேண்டும். நீளமாக இருந்தால் ரீல் மோவாய்க்கு ஏறிவிடும், கால் மணி நேரத்தில் கை செத்துப்போகும்.

"நடுவுல கொஞ்சம் வளைஞ்சாப்ல ஒண்ணு செய்ய முடியாதா?" என்று கேட்டீர்கள்.

"வளைக்கணும்னா மரத்து ரேகைய அறுக்கணும் பாவா. ரேகை அறுந்த மரம் இஸ்தா நிக்காதுங்க," என்றேன். உடனே விட்டுவிட்டீர்கள். மரத்தில் என் பேச்சை அவ்வளவு நம்பினீர்கள்.

சாப்பாடு கொண்டுவந்த அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "நிக்கிற கதையெல்லாம் வாணாம். குந்திகினு புடிக்கிறதா இருந்தா புடிங்க. இல்லன்னா அந்தத் தொரையே புடிக்கட்டும்," என்றாள். வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு சொன்னாள். நீங்கள் சிரித்துக்கொண்டே, "ஆங், குந்திகினே புடிக்கிறேன்," என்று ஒப்புக்கொண்டீர்கள். அப்படித்தான் நீளப் பிடி என்று முடிவானது. குட்டைப் பிடி சும்மா ஒரு மாற்றுக்கு.

வெக்காலி மரம் எடுத்தேன். வண்டி அச்சுக்கும் கோடாலிக் காம்புக்கும் போகிற மரம். குட்டைப் பிடி ஒரு குறையும் இல்லாமல் வந்தது. நீளப் பிடியைக் கடைந்து முடித்துத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். பித்தளைக் குழல் ஏறும் இடத்துக்குக் கீழே மயிரிழைபோல ஒரு வெடிப்பு. விரலின் ஒரு கணு நீளம் இருக்கும்.

பட்டறை முழுக்க ஆடிக் கிருத்திகைக்குக் கொடுக்க வேண்டிய காவடித் தண்டுகள். காய்ந்த வெக்காலி வேறு துண்டு கிடையாது. மறுநாள் காலை உங்களுக்கு ரயில். மேல்வெடிப்புதான், உள்ளே போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டையைச் சுழலவிட்டு அரக்குக் குச்சியை அழுத்தினேன். சூட்டில் உருகி, வெடிப்புக்குள் இறங்கி, மேலே கண்ணாடிபோல மினுங்கியது. உங்களுக்கு வெட்கப்பட்டுத்தான் மூடினேன் பாவா. உங்கள் துரையிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருந்தீர்களே.

மறுநாள் ஸ்டேஷனில், ரயில் கிளம்பும் நேரத்துக்குத்தான் ஒரு தோல் வாரைப் பற்றிச் சொன்னீர்கள். "தோள்ல ஒரு வார் மாட்டி ரீலோட கொக்கி போட்டுடுவாங்க மச்சான். மீன் இஸ்தா கை தாங்க வாணாம், உடம்பே தாங்கும்."

பிடி உடைந்தால் கோலும் ரீலும் மீனோடு போகும். கொக்கியில் மாட்டியிருக்கிற நீங்களும் கூடவே போவீர்கள். வண்டி நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன்.

"இன்னா மச்சான்?"

"ஒண்ணும் இல்லிங்க பாவா. பத்திரம்."

அந்த வார்த்தையை எத்தனை தரம் எனக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன். ஒண்ணும் இல்லிங்க.

ஒரு பகல் தாங்கினேன். மறுநாள் அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தபோது போய் நின்றேன். "அக்கா, அந்த நீளப் பிடில வெடிப்பு கீது. அரக்கு வச்சி மூடிட்டேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "வா, தந்தி குடுக்கலாம்," என்றாள். காவடிக்காரர்களின் கூட்டத்துக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தபால் ஆபீஸ்வரை நடந்தாள். நான் வழி விலக்கிக்கொண்டே போனேன். நீளப் பிடியைத் தொட வேண்டாம், வெடிப்பு இருக்கிறது என்று துரையின் விலாசத்துக்குத் தந்தி போயிற்று. பதில் வரவில்லை. அதன் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

கிருத்திகைக்கு வருவதாக நீங்கள் சொல்லியிருந்ததால் அன்று காலையிலிருந்தே ஸ்டேஷனில் நின்றேன். ஒவ்வொரு வண்டியிலிருந்தும் மஞ்சள் வேட்டியும் காவடியுமாக ஜனம் இறங்கியது. "அரோகரா" சத்தத்தில் காது அடைத்தது. அத்தனை முகங்களிலும் உங்கள் முகத்தைத் தேடினேன். இரண்டு வண்டிகள் போய்விட்டன. மூன்றாவது வண்டியில், கூட்டமெல்லாம் இறங்கிப் போன பிறகு, கடைசியாக நீங்கள் இறங்கினீர்கள். இரண்டு உள்ளங்கைகளிலும் துணிக்கட்டு. நடையில் ஒரு சாய்வு. ஆனால் நீங்கள்தான்.

நான் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்திரு மச்சான். தந்தி வந்துச்சி. மீன் கரைக்கி வந்தப்புறம் வந்துச்சி," என்றீர்கள்.

நடந்துகொண்டே சொன்னீர்கள். கடலுக்குப் போகும் முன்னால் எந்தச் சாமானையும் சோதித்துப் பார்ப்பது உங்கள் வழக்கமாம். துறைமுகத்திலேயே படகை நிறுத்தி, நீளப் பிடியை நாற்காலிக் கிண்ணியில் வைத்து, நூல் முனையில் நங்கூரத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறீர்கள். டப்பென்று பிடி இரண்டாகப் பிளந்தது. துரை வெளுத்துப்போய், இன்றைக்கு வேண்டாம் என்றாராம். நீங்கள் குட்டைப் பிடியை மாட்டி அதே நங்கூரத்தைத் தொங்கவிட்டுக் காட்டினீர்கள். அந்தப் பிடி அசையவில்லை.

"ரெண்டு மணி நேரம் மச்சான். நின்னுகினே. மயில்மீன். மயில் தோகையாட்டம் முதுகுச் செட்டைய விரிச்சிகினு தண்ணிக்கு மேல நிமிந்து நின்னுச்சி பாரு, இஸ்கறதையே மறந்துட்டேன்."

நான் என் தப்பைச் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் கட்டுப்போட்ட கையை உயர்த்தித் தடுத்தீர்கள். "ஒடைஞ்ச எடத்துல உள்ள வரைக்கும் அரக்கு எறங்கியிருந்துச்சி. தொர பாக்கல, நான் பாத்தேன்." காவடிக்காரர்கள் போக ஓரமாக ஒதுங்கி நின்றீர்கள். பிறகு, "இனிமே சொல்லிடு. அவ்ளோதான்," என்றீர்கள்.

வீட்டில் அக்கா உங்கள் கைகளைப் பார்த்தாள். "நின்னுகினா புடிச்சீங்க?"

"ஆங்."

"குந்திகினு புடிக்கிறேன்னு சொன்னீங்களே!"

"குந்தியிருந்தா வந்திருக்க மாட்டேன்."

அக்கா அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பானது. நாலு நாள் கழித்து முதல் தடவையாக என்னைப் பார்த்து, "நீயும் சாப்புட வாடா," என்றாள்.

அடுத்த மாதம் பெண் குழந்தை பிறந்தது. துரை ஊருக்குப் போனார். நீங்கள் திரும்பி வந்து மில் வைத்தீர்கள். அந்த வெடிப்பைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தை, ஒரு கிண்டல்கூட உங்கள் வாயிலிருந்து வரவில்லை. நான்தான் மாறினேன். மரத்தில் எது இருந்தாலும் வந்தவர் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் பேசுவேன். சிலர் வேறு பட்டறைக்குப் போனார்கள். போகட்டும்.

போன தையில், உங்கள் கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றிருந்தோம். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து உங்கள் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். பேரப்பிள்ளைகள் வாசல்வரை நிறைந்திருந்தார்கள். மூச்சு நின்றதும் எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் அழும்போதே என் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன் பாவா. நீங்கள் கிழவராகி, உங்கள் வீட்டில், உங்கள் நேரத்துக்குப் போனீர்கள். உங்கள் சாவு என் கையிலிருந்து வரவில்லை.