பெட் காலி

பிப்ரவரி 9

பேத்திக்குப் பாட்டி எழுதுவது.

உன் தாத்தா போன அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: நான், உன் அப்பா, உன் அம்மா, உன் அத்தை, கதவோரமாகப் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர், தலைமாட்டில் நீ. அத்தனை பேர் காதிலும் விழுந்தது. இல்லையென்று சொல்லிவிடாதே.

அவர் கண்ணை மூடிவிட்டாய். கடிகாரத்தைப் பார்த்தாய். உன் அப்பாவும் மருந்துக்கடைக்காரரும் அவரைத் தூக்கிக்கொண்டு கூடத்துப் பக்கம் திரும்பினார்கள். நிலைப்படியைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் விரிப்பை உருவிச் சுருட்டினாய். வாசலைப் பார்த்து, "பெட் காலி. அடுத்த ஆளை அனுப்புங்க" என்றாய்.

கல்நெஞ்சுக்காரி என்றாள் அத்தை. அவளை நான் அதட்டவில்லை. எனக்கும் வயிறு எரிந்தது. உன் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. காரியம் முடிந்ததும் முடியாததுமாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நர்ஸ் விடுதிக்குப் போய்விட்டாய். போன் அடித்தால் எடுப்பதில்லை. அதனால்தான் இந்த வயசில் பேனாவைப் பிடிக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் நீயும் தலையைச் சாய்த்துப் படி.

படுத்த நாளிலிருந்து என் கையால் ஒரு வாய் தண்ணீர் குடித்தாரா அவர்? "அவ வரட்டும்" என்பார். உன்மேல் அப்படி ஓர் உயிர். அந்த மனுஷனுக்கா இந்தப் பேச்சு? சமாதானம் எழுதாதே. பதில் எழுது.

கோபம் ஆறாத
பாட்டி


பிப்ரவரி 20

அன்புள்ள பாட்டி,

நான் அப்படிச் சொன்னதே எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. வார்டில் ஒருவர் போய்விட்டால் விரிப்பை உருவுவோம், மெத்தையைத் துடைப்போம், வாசலைப் பார்த்து அதைத்தான் சொல்வோம். வெளியே தள்ளுவண்டியில் அடுத்தவர் காத்துக்கொண்டிருப்பார். வாய் தானாகச் சொல்லியிருக்கிறது.

முன்பெல்லாம் உடை மாற்றும் அறையில் நின்று அழுவேன். இப்போது அழுகை வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. போன வாரம் ஒரு பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கையை எப்போது விடுவார் என்று மட்டும் நினைத்துக்கொண்டு நின்றேன். வேலை முடிந்ததும் பஸ் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருகிறேன். அங்கே யாரும் "சிஸ்டர்" என்று கூப்பிடுவதில்லை.

எங்களை உட்காரவைத்து ஒரு டாக்டரம்மா பேசினார். அடுத்தவர் வலியைத் தாங்கித் தாங்கி மனசு களைத்துப்போகுமாம். ஓய்வெடுங்கள், தண்ணீர் குடியுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள் என்றார். டூட்டி முடிந்த பிறகு வைத்த கூட்டம். பாதியில் தூங்கிவிட்டேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே தாத்தா கூப்பிடுவார். அவர் மூச்சு நின்றபோது எனக்கு முதலில் தோன்றியது, இனிமேல் தூங்கலாம் என்பதுதான். அத்தை சொன்னது சரி. நான் இனி அங்கே வரவில்லை பாட்டி. உங்களைப் பார்த்தால்கூட கால் வீங்கியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். முகத்தைப் பார்ப்பதில்லை.

உங்கள்
பேத்தி


மார்ச் 3

அடியே,

உன் கடிதத்தை யாரிடமும் படிக்கக் கொடுக்கவில்லை. நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். படித்து முடிப்பதற்குள் இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

தண்ணீர் குடிக்கச் சொன்னார்களாமே! குடிக்க நேரம் கொடுத்தார்களா என்று அந்த டாக்டரம்மாவைக் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். உனக்கு வாய் எங்கே இருக்கிறது?

அவர்களை மட்டும் சொல்வானேன். நீ வேலை முடிந்து வந்து நிற்பாய். பையை இறக்குவதற்குள், "பிரஷர் பாரேன்" என்று அத்தை கையை நீட்டுவாள். உன் அப்பா சுகர் சீட்டை நீட்டுவான். மருந்துக்கடைக்காரருக்கு உன் தலையைக் கண்டால்தான் முழங்கால் வலிக்கும். உள்ளேயிருந்து ஒரு குரல் வேறு கூப்பிடும். "சாப்பிட்டியா?" என்று ஒருத்தர் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. எனக்கே ஞாபகமில்லை என்றால் அது நடக்கவே இல்லை.

பிரஷர் மிஷினைத் தூக்கி மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அத்தை குதித்தாள். "கையை நீட்டணும்னா கடைக்குப் போய் நீட்டுடி" என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும்.

லீவு எழுதிக் கொடு. தர மாட்டோம் என்றால் நான் அங்கே வந்து நிற்பேன். நான் வந்து நின்றால் என்ன ஆகும் என்று உன் அப்பாவைக் கேள்.

கட்டிலைக் கழுவி வெயிலில் போட்டு, ஜன்னலோரம் நகர்த்தியிருக்கிறேன். மெத்தை புதுசு, விரிப்பு புதுசு. பெட் காலி. அடுத்த ஆள் நீதான். வந்து படு. யாரும் எழுப்ப மாட்டார்கள், கதவுக்கு வெளியே நான் உட்கார்ந்திருப்பேன். என் காலைப் பார்க்காதே. வீங்கித்தான் இருக்கிறது. அதைப் பார்க்க வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.

பாட்டி

இன்னொன்று. தூக்கம் கெட்டவள் தூங்க நினைத்ததில் மன்னிக்க என்ன இருக்கிறது? உன் அப்பாவை மன்னித்தாயிற்று. அத்தையைப் பாதி மன்னித்திருக்கிறேன், மீதி அவள் நடந்துகொள்வதைப் பொறுத்து. ஆனால் பக்கத்திலேயே நான் இருந்தேன், தம்ளர் என் கையில் இருந்தது. மகன் இருந்தான், மகள் இருந்தாள். எங்கள் கையையெல்லாம் தட்டிவிட்டு, நாளெல்லாம் நின்று களைத்து வந்த பிள்ளையைத்தான் கூப்பிடுவேன் என்று அடம்பிடித்த ஆள் ஒருத்தர் உண்டு. அவரோடுதான் இத்தனை காலம் குடித்தனம் பண்ணினேன். செத்துப்போனாலும் மன்னிக்க மாட்டேன். உன் தாத்தாவைத்தான் சொல்கிறேன்.