மூன்றாம் மாடி ஆர்கன்

ஃபோர்லி,
4 நவம்பர் 1996

அன்புள்ள டெர்னா,

தொலைபேசியில் பேசினால் நமக்குச் சண்டைதான் வருகிறது. அதனால் எழுதுகிறேன். வீட்டை விற்றுவிட்டேன். பதினோராம் தேதி, புனித மார்த்தினோ நாளில்தானே நம் ஊரில் எல்லோரும் வீடு மாற மூட்டை கட்டுவார்கள். நானும் அன்றைக்கே அக்கா வீட்டு மாடியறைக்குக் குடிபோகிறேன். அங்கே ஒரு கட்டிலும் என் அக்கார்டியனும் கொள்ளும். உன் மின்சார ஆர்கன் கொள்ளாது. வீடு வாங்கியவர் அதைப் பார்த்து, "இந்தப் பீரோவும் வீட்டோட சேர்த்தியா?" என்றார். எத்தனை நடன மண்டபங்களை ஆட வைத்த பெட்டி அது.

அதை உன் வீட்டுக்கு, ஃபயென்சாவுக்கு அனுப்பட்டுமா? சத்தம் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ பிரிந்து போன பிறகு ஆறு வருஷம் யாரும் தொடவில்லை. அது பாடத் தொடங்கினால், பிப்ரவரியில் கார்னிவல் திருவிழா சமயம் அக்கார்டியனோடு ஒரு நாள் வரலாமா? முடியாது என்றாலும் எழுது.

லெயார்கோ

&nbsp;

ஃபயென்சா,
14 நவம்பர் 1996

லெயார்கோ,

ஆர்கன் வந்து சேர்ந்தது. மூன்றாம் மாடிக்கு ஏற்றும்போது படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. கடைசியில் தெருவில் ஏணி லிஃப்ட் நிறுத்தி, சமையலறை ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றி உள்ளே இழுத்தார்கள். கீழ்வீட்டு சாவ்ரோ, ஊர் பேண்டில் கிளாரினெட் வாசிப்பவர், தெருவில் நின்று அதிகாரம் பண்ணினார். "மெதுவாப்பா, மெதுவா. என் மாமியாரைக்கூட நான் இவ்ளோ பதமாத் தூக்கினதில்ல." மாடியிலிருந்து அவர் மனைவி, "அதான் அம்மா இந்தப் பக்கமே வர்றதில்ல" என்றாள்.

ஒரு கீறல் இல்லை. நம் கல்யாண மெத்தையைப் பிரித்துச் சுற்றியிருக்கிறாய். இவ்வளவு பாங்காகக் கட்ட உன்னைத் தவிர ஆள் கிடையாது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

பின்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான கம்பிகள். எல்லாவற்றையும் மெழுகு நூலால் கொத்துக் கொத்தாகக் கட்டி, முடிச்சுக்கு முடிச்சு ஒரே இடைவெளி விட்டிருக்கிறார்கள். தொழிற்சாலையில் எந்தப் பெண்கள் உட்கார்ந்து கட்டினார்களோ, யாருமே பார்க்காத இடத்தில் இவ்வளவு அழகு. வெட்ட எனக்குக் கை கூசுகிறது. நானே பழுது பார்க்கப் போகிறேன். சிரிக்காதே.

நீ வருவதைப் பற்றி: முதலில் இது வாய் திறக்கட்டும்.

டெர்னா

&nbsp;

ஃபோர்லி,
20 டிசம்பர் 1996

அன்புள்ள டெர்னா,

சிரிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கப்பெல்லெத்திக் கொழுக்கட்டை மடிக்கிற உன் விரலுக்கு ஈயம் பற்றவைப்பது பெரிய வித்தையா? மடிப்பு ஒன்றாவது சூப்பில் பிரிந்து நான் பார்த்ததில்லை. அக்காவிடம் சொன்னேன். "அவ தனியா அதைத் திறந்துட்டாளா? அப்ப சரி பண்ணாம விடமாட்டா. உன்னைத்தான் சரி பண்ண முடியாம விட்டுட்டுப் போனா" என்றாள். இந்த வீட்டில் எனக்குக் கிடைக்கிற மரியாதை இதுதான்.

உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும், ஜாக்கிரதை. உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

லெயார்கோ

&nbsp;

ஃபயென்சா,
8 ஜனவரி 1997

அன்புள்ள லெயார்கோ,

பாடுகிறது.

கண்டன்சர்கள் காய்ந்து போயிருந்தன, மாற்றினேன். கட்டைகளுக்கு அடியில் கறுத்திருந்த கம்பிகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். நேற்று மாலை ஸ்விட்சைப் போட்டதும் முதலில் ஒரு முனகல், பிறகு அந்தப் பழைய குரல். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் நகரவில்லை.

ஆனால் சுருதி முழுக்க ஏறிப்போயிருந்தது. வயதான கோளாறு என்று நினைத்து, பன்னிரண்டு சுரத்துக்கும் உள்ள திருகுகளை ஒவ்வொன்றாக இறக்கி இசைக்கவைக்குச் சரியாகச் சேர்த்தேன். இரும்புத் திருப்புளி கிட்டப் போனாலே சுருதி நகர்கிறது. பிளாஸ்டிக் பின்னல் ஊசியைத் தட்டையாக ராவி அதனால் திருப்பினேன். சாவ்ரோ கிளாரினெட்டோடு மேலே வந்தார். சேர்ந்து வாசித்தோம், இரண்டும் இழைந்து போயின.

கார்னிவலுக்கு வா.

டெர்னா

&nbsp;

ஃபோர்லி,
15 ஜனவரி 1997

என் டெர்னா,

பின்னல் ஊசி விஷயத்தைப் படித்துவிட்டு எழுந்து நின்றேன். இந்தப் பக்கத்து மெக்கானிக் ஒருவனுக்கும் அது தோன்றியிருக்காது.

ஆனால் அது கோளாறு இல்லை, டெர்னா. நமக்குக் கல்யாணமான வருஷம் நாமே ஏற்றி வைத்த சுருதி அது. மண்டபச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமென்று என் அக்கார்டியன் சற்று உயர்ந்த சுருதியில் செய்தது. அதற்காக ஆர்கனை ஏற்றினோம், மறந்துவிட்டாயா? இப்போது இரண்டையும் சேர்த்து வாசித்தால் நாய்கூட வீட்டில் தங்காது. நான் வருவதற்குள் மறுபடி ஏற்றிவிடேன். உனக்குப் பன்னிரண்டு திருகு, ஒரு மதிய வேலை. எனக்கோ அக்கார்டியனுக்குள் அதிரும் நானூறு உலோக நாக்குகளையும் ஒவ்வொன்றாக ராவ வேண்டும்.

லெயார்கோ

&nbsp;

ஃபயென்சா,
22 ஜனவரி 1997

அன்புள்ள லெயார்கோ,

மறந்துதான் போனேன். நீ சொன்ன பிறகு ஞாபகம் வந்தது. ஊசியைக் கையில் எடுத்து ஆர்கன் முன்னால் உட்கார்ந்தேன். திருப்ப மனம் வரவில்லை.

எப்போதுமே நம் கணக்கு இதுதான். எனக்குச் சுலபம், அதனால் நான் மாற வேண்டும். பாட்டின் வேகமும் உன்னுடையது, எந்த ஊர், எந்த நாள் என்பதும் உன்னுடையது. நீ கெட்டவன் இல்லை. உன்னைப் போல வாசிக்கிறவனை நான் கண்டதில்லை, இன்றும் அதையே சொல்வேன். ஆனால் இந்த ஆர்கன் இப்போது சாவ்ரோவோடு சேர்கிறது, தேவாலயத்துப் பியானோவோடு சேர்கிறது. உன்னோடு மட்டும்தான் சேரவில்லை.

நான் ஏற்றப் போவதில்லை. கோபத்தில் எழுதவில்லை. அக்கார்டியன் இல்லாமல் சாப்பிட மட்டும் வருவதானாலும் வா.

டெர்னா

&nbsp;

ஃபோர்லி,
31 ஜனவரி 1997

என் டெர்னா,

உன் கடிதத்தோடு ஒரு வாரம் சண்டை போட்டேன். அது ஜெயித்துவிட்டது.

அக்கார்டியனை அங்கோனா பக்கம் சுருதி சேர்ப்பவரிடம் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் இறக்கச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு? யாருக்காக இறக்கணும்?" என்றார். "ஒரு ஆர்கனுக்காக" என்றேன். "ஆர்கனை ஏத்துறது சுலபமாச்சே" என்றார். "தெரியும்" என்றேன்.

அவரிடமும் இசைக்கவை இருக்கிறது. இருந்தாலும் எனக்கு உன் ஆர்கனின் 'லா' சுரம்தான் வேண்டும், அதைக் கேட்டே அவர் சேர்க்கட்டும். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவர் பட்டறையிலிருந்து கூப்பிடுகிறேன். நீ ஒன்றும் பேச வேண்டாம், நானும் பேசமாட்டேன். தொலைபேசியை ஆர்கன் பக்கத்தில் வைத்து 'லா'வை அழுத்திப் பிடி. அவர் போதும் என்று சொன்ன பிறகும் நான் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பேன்.

லெயார்கோ