காலையில் கை, மாலையில் வாய்

என் பட்டாணிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நடமாடுகிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் அப்பா பக்கத்தில் நின்று, அப்படி இல்லை இப்படி என்று சைகையிலேயே திருத்துகிறார். செய்தியாக அனுப்பினால் என் போனை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறார். தபால்பெட்டிக்குள் போட்டதை மட்டும் அவரால் எடுக்க முடியாது. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு உன் மேல் துளியும் கோபம் இல்லை. அங்கேயே இன்னும் சில வருஷம் இருக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது அவர் "ம்" என்றார். என்னப்பா, பிடிக்கலையா என்று கேட்டாய், அதற்கும் "ம்" என்றார். நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உன் போன் வரவில்லை, வேலை அதிகம் என்ற ஒரு வரிதான் வருகிறது. அந்த "ம்" எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆபரேஷனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், பொறுமையாகப் படி.

நடுக்கம் முற்றிப்போய் அப்பா சலூனைப் பூட்டியதும், மாத்திரை வேலை செய்யாத நேரங்களில் காபி டம்ளரை இரண்டு கையால் பிடித்தும் பாதி சட்டைக்குப் போனதும் உனக்குத் தெரியும். மூளைக்குள் மெல்லிய கம்பி இறக்கி, அதில் மின்சாரம் விட்டு நடுக்கத்தை அடக்குவார்கள் என்று டாக்டர்கள் சொன்னதும் தெரியும். நடந்த கூத்துதான் தெரியாது. அன்றைக்குக் காலையில் தலையை மழிக்க ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் வந்தார். அப்பா அவரை நிம்மதியாக வேலை செய்ய விடவில்லை. "கத்தியை இப்படியாப்பா பிடிப்பே? காதுக்குப் பின்னால தோலை இழுத்துப் பிடிச்சு மழி. பிடரியில பாதி அப்படியே நிக்குது பாரு" என்று கண்ணாடி கொண்டுவரச் சொல்லி, பிடரியை மறுபடியும் செய்ய வைத்தார். அந்த ஆள், "பெரியவரே, உங்களை ஆபரேஷனுக்குத்தான் கூட்டிட்டுப் போறோம், பெண் பார்க்க இல்லை" என்று சொல்லிவிட்டுக் கத்தியை மடக்கிக்கொண்டு போனார்.

உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை, பிறகு நர்ஸ் சொன்னது. தலையில் ஒரு சட்டத்தைத் திருகிப் பொருத்தி, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, ஆளை விழிக்க வைத்தே செய்திருக்கிறார்கள். மூளைக்கு வலி தெரியாதாம். கம்பி சரியான இடத்துக்குப் போகிறதா என்று பார்க்க, எதிரே ஒரு டாக்டர் நின்று, கையைத் தூக்குங்கள், விரலை மடக்குங்கள், பேசிக்கொண்டே இருங்கள், நிறுத்தக் கூடாது என்றாராம். உன் அப்பாவிடம் ஆயுளில் யாரும் வைக்காத கோரிக்கை அது. கல்யாணமான நாளிலிருந்து நான் அதற்கு நேர்மாறானதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிடைத்தது வாய்ப்பு என்று கடை வாசலில் தண்ணீர்க் குழாய் உடைந்த கதையில் ஆரம்பித்து, பக்கத்துக் கடைத் தையற்காரர் வீட்டுச் சண்டை வரைக்கும் வந்துவிட்டாராம். திடீரென்று பேச்சு நின்றுபோயிருக்கிறது. நர்ஸ் பதறிப்போய், "ஐயா, ஐயா, பேசுங்க" என்று கத்தியிருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. தூக்கிய கை ஆடாமல் நின்றுவிட்டது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கொஞ்ச நேரம் கழித்து எதிரே நின்ற டாக்டரிடம், "சார், உங்க கிருதா ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கி இருக்கு. வெளியில வந்ததும் கடைக்கு வாங்க" என்று சொன்னாராம்.

இப்போது மார்பில் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பேட்டரி. அங்கிருந்து ஒயர் கழுத்து வழியாகக் காதுக்குப் பின்னால் ஏறிப் போகிறது. இது நோயைப் போக்காது, அடக்கித்தான் வைக்கும், மாத்திரையும் கொஞ்சம் குறையுமே தவிர நிற்காது என்று மின்சார அளவு வைக்கிற டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். அப்பா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. கை நின்றதும் கடையைத் திறந்துவிட்டார். திறந்தால் உட்கார ஆள் வேண்டாமா? எல்லோரும் வாசலில் நின்று நலம் விசாரித்தார்கள், நாற்காலியைப் பார்த்ததும் வேலை ஞாபகம் வந்து போய்விட்டார்கள். கடைசியில் அந்தத் தையற்காரர்தான் உட்கார்ந்தார். "வீட்டுல சொல்லாம வந்திருக்கேன் அண்ணே. ஆனது ஆகட்டும், வெட்டுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். காதோரம் வரைக்கும் வெட்டி முடித்துக் கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினார் அப்பா. கண்ணாடியும் ஆடவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். கத்தரிக்குப் போதும், சவரக்கத்திக்குப் போதாது, இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள் என்று டாக்டரம்மாவை நச்சரித்தார். ஏற்ற ஏற்றக் கை கல் மாதிரி ஆனது. நாக்கு மட்டும், பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய மாதிரி, தடித்துப் போய் வார்த்தை கொழகொழவென்று வந்தது. அதைச் சொன்னால் அளவைக் குறைத்துவிடுவார்கள் என்று பயந்து இவர் ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா, பேச்சு எப்படி இருக்கிறது என்று கேட்பார். இவர் பெரிய மனிதர் மாதிரி தலையை ஆட்டி "ம்" என்பார். நான் வாயைத் திறந்தால் நாற்காலிக்கு அடியில் என் காலை மிதிப்பார். அப்பாவை வாய் பேசாத சாது என்று நம்பிய ஒரே ஜீவன் இந்த உலகத்தில் அந்த டாக்டரம்மாதான்.

கடையில் வேறு கதை. சலூனுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முடிக்காக வருவதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரிட்டயரான பஸ் கண்டக்டர் என்னிடம் வந்து, "ஆபரேஷன் பண்ணிட்டு வந்ததுல இருந்து உங்க வீட்டுக்காரருக்குக் கிராக்கி ஏறிடுச்சும்மா. ஊர்ல என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறார். இப்படி உம்முனு வெட்டிக்கிறதுக்கு நான் வீட்டுலயே வெட்டிக்குவேன்" என்று முறையிட்டார். அந்த நாட்களில்தான் உன் போன் வந்தது. நீ பேசாமல் போன முதல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்பா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீங்களே கூப்பிடுங்கள் என்றேன், மாட்டேன் என்று தலையாட்டினார். எழுதியாவது அனுப்புங்கள் என்றேன். கொழகொழத்த வாயோடு மெதுவாக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "பேசாம எழுதி அனுப்பினா சண்டை போட்ட மாதிரி இருக்கும். இந்தப் பேச்சை அவ கேட்டா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவா. குழறாம எனக்கு வர்றது ம் ஒண்ணுதான். அதைத்தான் சொன்னேன்." சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலை நாற்காலிக்கு மேலே தூக்கி மடக்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். டாக்டரம்மா அப்பாவை நீளமாக ஏதாவது சொல்லச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள், "இத்தனை நாளா என்னை நல்லா ஏமாத்தியிருக்கீங்களே ஐயா, உங்க சம்சாரம் சொல்லலைன்னா நான் இன்னும் ஏத்தியிருப்பேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். கை வேண்டுமா, வாய் வேண்டுமா என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன், நான் சொல்லக்கூடிய பதில் அவருக்கு நல்லதாக இருந்திருக்காது. டாக்டரம்மா உட்கார்ந்து ஏற்றி இறக்கிப் பார்த்து, கடைசியில் இரண்டு விதமாக அளவு வைத்துக் கொடுத்தார். ஒன்றில் கை நிற்கும், நாக்கு தடிக்கும். இன்னொன்றில் நாக்கு சரியாக இருக்கும், கை ஓரளவுக்கு ஆடும். கையடக்க ரிமோட்டில் மாற்றிக்கொள்ளலாம், வேறு எதையும் தொடக் கூடாது, வருகிற மாதங்களில் இரண்டையும் நெருக்கிக் கொண்டுவர முடியுமா பார்க்கலாம் என்றார்.

இப்போது கடை வாசலில் காலையில் முடி வெட்டப்படும் என்றும் மாலையில் பேச மட்டும் வரவும் என்றும் எழுதி வைக்காத குறைதான். கண்டக்டர் இரண்டு வேளையும் வருகிறார். வாய் திரும்பிய முதல் நாள் அப்பா பேசிய பேச்சில், ஆஸ்பத்திரியில் நான் ஏன் வாயைத் திறந்தேன் என்று எனக்கே தோன்றிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை தையற்காரருக்கு மீசை ஒதுக்கிக்கொண்டிருந்தவர், பாதியில் ஏதோ ஒரு சமாசாரம் தொண்டை வரைக்கும் வந்து முட்ட, பொறுக்க முடியாமல் ரிமோட்டை மாற்றிவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். கை ஆட ஆரம்பித்தது கவனம் இல்லை. இந்தப் பக்க மீசை இருந்தது, அந்தப் பக்கம் இல்லை. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். தையற்காரர் மனைவி வந்து சத்தம் போடுவாள் என்று நான் பயந்துகொண்டிருந்தால், அவள் வந்து, "இதைப் பத்து வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கலாம் அக்கா" என்றாள்.

நீ அங்கேயே இருப்பதைப் பற்றி அப்பா என்ன நினைக்கிறார் என்று நான் எழுத மாட்டேன், அது அவர் சொல்ல வேண்டியது. மாலை நேரத்தில் கடைக்கு வருகிற எல்லோருக்கும் அது தெரியும், உனக்கு மட்டும்தான் தெரியாது. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்குச் சாயங்காலமாக இருக்கும்போது கூப்பிடு. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. பேச்சு எப்படி இருக்கிறது என்றும் விசாரிக்காதே, உன் காதாலேயே கேட்டுக்கொள்வாய்.

நல்ல உடம்பும் நல்ல மனிதர்களும் உனக்குத் துணையாக இருக்கட்டும், எடுத்த வேலை கைகூடட்டும். மறக்காமல் ஒன்று. போனை நான் பிடித்துக்கொள்கிறேன் என்றால் அப்பா கொடுக்க மாட்டார், என் பொண்ணை நான்தான் பிடிச்சுக்கிட்டுப் பேசுவேன் என்பார். அதனால் ஒரு சமயம் அவர் நெற்றி தெரியும், ஒரு சமயம் மின்விசிறி தெரியும், படம் நிற்காமல் குலுங்கிக்கொண்டே இருக்கும். லைன் சரியில்லை என்று வைத்துவிடாதே அம்மா.

இப்படிக்கு,
உன் வரவை அவசரப்படுத்தாத,
உன் போனை மட்டும் எதிர்பார்க்கிற
அம்மா